ஆற்றில் நனைந்தவரும் கடலைக் கடந்தவரும்

அண்மையில் ஒரு கல்லூரி மண்டபத்தில் மெக்ஸிகோ நாட்டு மக்களின் வாழ்வையும் அவர்தம் குடிபெயர்வையும் பற்றி இரண்டு நாள் சொற்பொழிவுகள் நடைபெற்றன. உரை முடிந்ததும் மாலையில் அந்நாட்டுத் திரைப்படம் ஒன்று காட்டப்பட்டது. மக்தபில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று அக்கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறார். "ஹஜ்ரத், தாங்கள் அவசியம் வரவேண்டும்" என்று வீடு தேடி வந்து அழைத்தார். படம் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. மேலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில், ஸர்பும் நஹ்வும் தமிழும் கற்பித்துக் காலங்கழித்த ஒருவனுக்கு மெக்ஸிகோவோடு என்ன உறவு இருக்க முடியும்? மாணவரின் மனம் வாடக்கூடாதே என்றுதான் சென்றேன். ஆனால் திரும்பும்போதோ, என் சொந்த வீட்டின் வரலாற்றைப் பிறர் வாயால் கேட்டுவிட்டு வருகிறவனைப்போல் வந்தேன். அந்த எண்ணத்தை இவ்விதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நாள் காட்டப்பட்ட படம் 1955-இல் வெளிவந்தது. அலெஹாந்த்ரோ காலிந்தோ என்பவர் இயக்கியது. அதன் ஸ்பானியப் பெயருக்கு 'நனைந்த முதுகுகள்' என்று பொருளாம். மெக்ஸிகோவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அமெரிக்கர் அதனை ரியோ கிராண்டே என்பர். மெக்ஸிகோ மக்கள் ரியோ பிராவோ என்பர். ஒரே ஆற்றுக்கு இரண்டு கரையில் இரண்டு பெயர். அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவில் அந்த ஆற்றை நீந்திக் கடந்து வேலை தேடிச் சென்றவர்களை, முதுகு நனைந்தவர்கள் என்று அமெரிக்கர் இழித்துரைத்தனர். அப்படி நீந்திச் சென்ற ஓர் இளைஞன் படும் பாடே படத்தின் கதை.

என் பக்கத்து நாற்காலியில் எழுபதைத் தொட்ட பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் அவர் எழவில்லை. என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பாய், இது எங்க கதை. அங்கே ஆறு, எங்களுக்குக் கடல். அவ்வளவுதான் வித்தியாசம்." அவர் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பெற்றோருடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர். பின்னர் நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரன் என்றார்கள். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்" என்றார்.

நனைந்த முதுகு, கள்ளத்தோணி. உலகின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்துக்கு, நீரைக் கடந்த குற்றத்துக்காகவே சூட்டப்பட்ட இரண்டு பெயர்கள். இவ்விரண்டும் எவ்வாறு பிறந்தன என்று ஆராய்ந்து பார்க்கும்போது வியப்பும் வேதனையும் ஒருங்கே உண்டாகின்றன.

அழைத்தவரே விரட்டிய கதை

இன்று அமெரிக்காவின் மாநிலங்களாக விளங்கும் டெக்ஸாஸ், கலிபோர்னியா, நியூ மெக்ஸிகோ முதலிய பரந்த நிலப்பகுதிகள் ஒருகாலத்தில் மெக்ஸிகோவுக்கே உரியனவாக இருந்தன. டெக்ஸாஸ் முன்னரே பிரிந்துபோயிற்று. போரில் தோற்ற மெக்ஸிகோ, 1848-ஆம் ஆண்டு குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி மற்றவற்றையும் இழந்தது. முன்பிருந்த நிலத்தில் ஏறத்தாழப் பாதி கைவிட்டுப் போயிற்று. அங்கே குடியிருந்த மெக்ஸிகோ மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து தெற்கே போயிற்று.

1910-இல் மெக்ஸிகோவில் புரட்சி மூண்டது. போருக்கும் பசிக்கும் அஞ்சியோர் வடக்கே சென்றனர். அமெரிக்க இருப்புப்பாதைகளுக்கும் பருத்திக் காடுகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆகவே யாரும் தடுக்கவில்லை. ஆனால் வரவேற்ற முறை எத்தகையது? எல்லைப்புற நகராகிய எல் பாஸோவில், நாள்தோறும் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்தவர்களின் ஆடைகளைக் களையச் செய்து, நோய் பரவாதிருக்கவென்று மண்ணெண்ணெய் கலந்த நீரில் குளிக்கச் செய்தனர். 1917 ஜனவரியில் கார்மெலிட்டா தோரெஸ் என்னும் 17 வயது வீட்டு வேலைக்காரப் பெண், குளிக்க மாட்டேன் என்று மறுத்து நின்றாள். அவளோடு வந்த பெண்களும் மறுத்தனர். பாலமே அடைபட்டது. வரலாற்றில் அப்பெண்ணின் பெயர் இன்றும் நிற்கிறது.

1929-இல் பொருளாதார நெருக்கடி வந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியதும் அமெரிக்கரின் கண்கள் மெக்ஸிகோ மக்கள்மீது திரும்பின. 1930-களில் பல இலட்சம் பேர் இரயிலிலும் லாரியிலும் ஏற்றப்பட்டுத் தெற்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும் பகுதியினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். கலிபோர்னியா மாநிலம் 2005-ஆம் ஆண்டில் இதற்காகச் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. அப்போது, அந்த மன்னிப்பைக் கேட்க வேண்டிய காதுகளில் பல மண்ணுக்குள் போய்விட்டன.

பின்னர் உலகப் போர் வந்தது. ஆட்கள் போர்க்களம் சென்றதும் வயல்கள் காய்ந்தன. விரட்டியவர்களே மீண்டும் அழைத்தனர். 1942 ஆகஸ்டு 4-ஆம் நாள் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்கீழ் வந்தவர்களுக்கு 'பிரஸேரோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'பிரஸோ' என்றால் கை. கையால் உழைப்பவன் பிரஸேரோ. 1942 முதல் 1964 வரை ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஒருவரே பலமுறை சென்றதுண்டு. தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு என்று பிடித்து வைத்தனர். ஊர் திரும்பியதும் கிடைக்கும் என்றனர். பலருக்கு அது கிடைக்கவே இல்லை. கிழவர்களான பின்னும் அவர்கள் அந்தப் பணத்துக்காகக் கொடி பிடித்து நின்றனர்.

விந்தை என்னவெனில், ஒரு கை அழைத்துக்கொண்டிருந்தபோதே மறு கை விரட்டிற்று. 1954-இல், 'நனைந்த முதுகு' என்னும் இழிசொல்லையே பெயராகச் சூட்டி, அமெரிக்க அரசு ஒரு பெரும் விரட்டு நடவடிக்கையை மேற்கொண்டது. பத்து இலட்சம் பேருக்கு மேல் வெளியேறியதாக அவ்வரசு கூறிற்று. அவ்வளவு இல்லை என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். எண்ணிக்கை எதுவாயினும் ஆகுக. ஒப்பந்தத் தாளோடு வந்தவன் தொழிலாளி; தாள் இல்லாமல் அதே வயலில் அதே பருத்தியை எடுத்தவன் குற்றவாளி. இதுவே அக்காலத்து நீதியாக இருந்தது.

நமது பக்கத்துக் கதை

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1830-களிலிருந்து இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அதன்பின் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் சென்றனர். நம் விருதுநகர் மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. அதுவரை நாமும் இராமநாதபுரத்தாரே என்பதை நினைவிற் கொள்க.

அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. அவர் அந்த ஊர்க்காரர், பல வேளை உறவினர். வழிச்செலவுக்கென்று அவர் தந்த முன்பணம் தலையில் கடனாக ஏறும். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல வேண்டுமானால், அவனது கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய துரை அக்கடனை அடைத்தால்தான் ஆள் கைமாறுவான். மனிதனைத் துண்டுச் சீட்டால் விற்ற இம்முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முற்காலத்தில் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போயினர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர் ஏராளம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். மண்டபம் முகாமில் அவர்களைச் சில நாள் நிறுத்தி வைத்து, தடுப்பூசி குத்தி, நோயில்லை என்று கண்ட பின்னரே அனுப்பினர். எல் பாஸோவின் பாலமும் மண்டபத்தின் முகாமும் ஒரே காலத்தவை என்பதை அந்தச் சொற்பொழிவைக் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

1939-இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. பிரிந்த குடும்பத்தைக் காணவும், பிழைப்பைத் தேடியும், சீட்டின்றித் தோணியேறியோர் சிலர் இருந்தனர். அவர்களுக்கு வந்த பெயர் கள்ளத்தோணி. ஆனால் அந்தப் பெயர் அவர்களோடு நிற்கவில்லை. மூன்று தலைமுறையாக அந்த மலையிலேயே பிறந்து இறந்தவர்கள்மீதும் அது வீசப்பட்டது. டெக்ஸாஸில் பிறந்த மெக்ஸிகோ வம்சத்தாரையும் 'நனைந்த முதுகு' என்று ஏசினார்களே, அதுபோல.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். முதல்நாள் வாக்களித்த மனிதர், மறுநாள் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். அவர்கள் ஓர் அடிகூட நகரவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் புரண்டது, அவ்வளவே. 1949-இல் வந்த மற்றொரு சட்டத்துக்கு 'இந்திய பாகிஸ்தானிய குடியிருப்போர் சட்டம்' என்று பெயர். நம்மவரும் அதில் அடக்கம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கரையூர்களிலிருந்து சென்று கொழும்பிலும் மலைநாட்டுச் சிறு நகரங்களிலும் கடை வைத்திருந்த முஸ்லிம்களை அங்குள்ளோர் 'சம்மாங்காரர்' என்றனர். சம்பான் என்னும் தோணியை ஒட்டி வந்த பெயர் அது என்பர். அங்கேயும் தோணிதான் பெயராயிற்று.

1964

அந்த மண்டபத்தில் உரையாற்றியவர் பிரஸேரோ ஒப்பந்தம் 1964 டிசம்பர் 31-ஆம் நாள் முடிவுக்கு வந்தது என்று சொன்னபோது, பக்கத்திலிருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் நிமிர்ந்தேன். அந்த ஆண்டை நம்மில் யார் மறப்பார்?

1964 மார்ச்சில் பர்மாவில் நே வின் ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கிற்று. மே மாதத்தில் 50, 100 கியாத்து நோட்டுகள் செல்லாது என்றது. இரங்கூனில் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்த தமிழர், முஸ்லிம்களும் அல்லாதாரும், வெறுங்கையோடு கப்பலேறினர். அக்டோபர் 30-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்றும் முடிவு செய்தனர். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 எனப் பங்கிட்டனர். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தனர். எவரிடமும் 'உன் விருப்பம் என்ன' என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்டவரில்லை.

அதே டிசம்பர் 22 இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற இரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. அரை நூற்றாண்டாக நம் மக்கள் அக்கரை சென்ற வாசலே இல்லாமற் போயிற்று. எஞ்சிய கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. அதில் பின்னர் வந்தவர்கள் திரும்பி வருவோரே. 1984-இல் அதுவும் நின்றது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரஸேரோ முறை ஒழிந்ததை அமெரிக்கத் தொழிற்சங்கத்தாரில் பலர் வரவேற்றனர். அது கூலியைத் தாழ்த்தியது, தொழிலாளியைப் பண்ணையாரின் பிடியில் வைத்தது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் கதவை மூடியதால் பசி நிற்கவில்லை, அறுவடையும் நிற்கவில்லை. முன்பு சீட்டோடு வந்தவர்கள் பின்பு சீட்டின்றி வந்தனர். 1990-களில் நகர்ப்புற எல்லைகளில் வேலியும் காவலும் வலுத்தபோது, அவர்கள் பாலைவன வழியே நடந்தனர். தாகத்தால் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அடையாளம் தெரியாமலே அடக்கப்பட்டோர் அவர்களுள் பலர்.

இதைக் கேட்டபோது என் வீட்டு நினைவு வந்தது. என் பாட்டனாரின் தம்பி இரங்கூனில் கடையில் வேலை பார்த்தவர். 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசியபோது, பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் மலையும் காடும் கடந்து கால்நடையாகப் புறப்பட்டனர். பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். எங்கள் சின்னப் பாட்டனார் புறப்பட்டார் என்று கூட வந்தவர் ஒருவர் சொன்னார். வந்து சேரவில்லை. அவர் மரணித்த நாள் எது என்று தெரியாததால், அவருக்குக் கத்தம் ஓத எந்த நாளையும் குறிக்க முடியவில்லை. கடைசியில் என் அத்தா, அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளையே குறித்துக்கொண்டார். இன்றும் அந்த நாளில்தான் ஓதுகிறோம். அரிசோனாப் பாலையில் மகனை இழந்த தாய் எந்த நாளைக் குறித்துக்கொள்வாள்?

திரையும் வரலாறும்

அரசர் வரலாற்றுக்குக் கல்வெட்டு உண்டு. கூலிக்காரன் வரலாற்றுக்கு என்ன உண்டு? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அங்கே படங்களைக் காட்டினர் என்று எண்ணுகிறேன். நம் தமிழிலும் இது இல்லாமலில்லை. 1952-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்திலும் கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்திலும் வெளிவந்த 'பராசக்தி'யை நம் முன்னோர் கொண்டாடினர். அதன் கதாநாயகன் யார்? போர்க்காலத்தில் இரங்கூனிலிருந்து திரும்பி, சொந்த மண்ணில் வாழ வழியின்றி அலையும் குணசேகரன். வசனத்தை மனப்பாடம் செய்த நாம், அது குடிபெயர்ந்தோரின் கதை என்பதை மறந்துவிட்டோம். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்தது. அதைத் தழுவி 2013-இல் பாலா 'பரதேசி' என்னும் படம் எடுத்தார்.

இரண்டாம் நாள் காட்டியது அல்போன்ஸோ குவாரோனின் 'ரோமா', 2018-இல் வந்தது. மெக்ஸிகோ நகரத்தில் வசதியான குடும்பமொன்றில் வேலை செய்யும் மிஷ்டெக் பழங்குடிப் பெண் ஒருத்தியின் கதை. அந்நியநாடு செல்பவர் மட்டுமே புலம்பெயர்ந்தோர் அல்லர். தன் நாட்டிலேயே மொழி வேறான நகரத்தில் பிறர் பிள்ளையை வளர்ப்பவளும் அவர்களுள் ஒருத்தியே. நம் ஊர்களிலிருந்து பெருநகரங்களுக்கும் வளைகுடா வீடுகளுக்கும் வேலைக்குச் சென்ற பெண்மக்களை எண்ணிக்கொண்டேன்.

பெயர்களின் பயணம்

அரபு கற்றவனுக்குச் சொல்லைக் கண்டால் வேரைத் தேடும் வழக்கம் விடாது. ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 800 ஆண்டுகள் வாழ்ந்ததால் ஸ்பானிய மொழியில் அரபுச் சொற்கள் மிகுதி. அம்மொழி மெக்ஸிகோ சென்றபோது அவையும் சென்றன. சர்க்கரைக்கு 'அஸூகர்', நமது அஸ்ஸுக்கர். பருத்திக்கு 'அல்கொதோன்', அது அல்குத்ன். சுங்கச் சாவடிக்கு 'அதுவானா'. அதன் வேர் திவான். எல்லையைக் கடந்த பிரஸேரோ எடுத்த பருத்தியும், அவனை மறித்த சுங்கச் சாவடியும் அரபுப் பெயர் தாங்கியவையே!

வேறொன்றும் சொல்வேன். லெபனான், சிரியா நாட்டு அரபிகள் பலர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மெக்ஸிகோவில் குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர். ஆனால் உதுமானியப் பேரரசின் தாளோடு வந்ததால் அவர்களை 'துர்க்கோ', அதாவது துருக்கர், என்றே அழைத்தனர். இங்கே தமிழ்நாட்டில் தமிழே தாய்மொழியான நம்மைத் 'துலுக்கர்' என்றனரல்லவா! கலிபோர்னியாவுக்குச் சென்ற பஞ்சாபியரில் சீக்கியரும் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்கள் அனைவரையும் 'இந்து' என்றே அமெரிக்கர் அழைத்தனர். அங்கே நிலம் வாங்கவும் ஊரிலிருந்து மனைவியை அழைக்கவும் சட்டம் தடுத்தபோது, அவர்களுள் சில நூறு பேர் மெக்ஸிகோப் பெண்களை மணந்து குடும்பம் கண்டனர். வந்தவனின் பெயரை வந்தவனிடம் கேட்பதில்லை. இருப்பவன் தன் வாய்க்கு வந்ததைச் சூட்டுகிறான்.

செடிகொடிக்கும் இதுவே நியதி. நம் மாவட்டத்துக் கரிசலில் விளையும் மக்காச்சோளம் மக்காவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் பிறப்பிடமோ மெக்ஸிகோ. மஞ்சளாய்ப் பூக்கும் துலுக்கச் சாமந்தியின் தாயகமும் மெக்ஸிகோவே. மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். மிளகை ஒத்த காரத்தால் நாம் அதற்குப் பெயரிட்டு வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம். மிளகாயிடம் நாம் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை. கையோடு வந்த பயிரை ஏற்ற உலகம், அதைப் பயிரிடும் கையை ஏற்கத் தயங்குகிறது.

நமக்குரிய பாடம்

நமது ஆண்டுக்கணக்கே ஒரு குடிபெயர்விலிருந்து தொடங்குகிறது. அதற்கும் முன்னர், மக்காவின் கொடுமை தாங்காமல் தோழர்கள் அபிசீனியா சென்றபோது, அவர்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் தூதனுப்பினர். கிறிஸ்தவ மன்னராகிய நஜ்ஜாஷி, வந்தவர்களின் வாயாலேயே அவர்கள் கதையைக் கேட்ட பிறகுதான் தீர்ப்புச் சொன்னார். திருப்பி அனுப்ப மறுத்தார். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் இணைத்துச் சகோதரராக்கினார்கள். ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி எது என்றுதான் கேட்டார். வந்தவன் விரும்புவது தானத்தை அன்று. உழைக்க ஒரு வழியை. ஸஅதின் பெருந்தன்மையும் அப்துர் ரஹ்மானின் தன்மானமும் சேர்ந்தே மதீனாவை உருவாக்கின.

இதை மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று இரவு பேருந்தில் இராஜபாளையம் வந்து இறங்கியபோது என் வாயிலிருந்தே ஒரு சொல் வந்தது. இங்கே 1936-இல் தொடங்கி எத்தனையோ நூற்பாலைகள் எழுந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட, இன்று அவற்றில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களின் இளைஞர்கள் வேலை செய்கின்றனர். அவர்களில் நால்வர் கடைசிப் பேருந்துக்காக நின்றிருந்தனர். இடநெருக்கடியில், "இந்த வடக்கன்களுக்கு எங்கே போனாலும் கூட்டம்தான்" என்று சொல்லிவிட்டேன். அழைத்துச் சென்ற மாணவர் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு நாள் சொற்பொழிவும் இருந்தது. கள்ளத்தோணி என்ற சொல்லுக்காகக் கண்கலங்கிய நாவு, ஒரு மணி நேரத்துக்குள் வேறொரு சொல்லை உருவாக்கிவிட்டதே என்று நாணினேன். 2020-இல் ஊரடங்கின்போது அவர்களைப் போன்றோர் நூற்றுக்கணக்கான மைல் நடந்ததை நாடே பார்த்தது. 1942-இன் நடையை வீட்டில் சுமப்பவன் அதை மறக்கலாமா?

ஆதலின் அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். இரங்கூன், கொழும்பு, பினாங்கு முத்திரையிட்ட கடிதங்களும் கப்பல் சீட்டுகளும் கடைக் கணக்குகளும் கரையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கக்கூடும். பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை நாள், ஊர், பெயரோடு எழுதி வையுங்கள். அரபுத் தமிழில் எழுதிய கடிதமாயின், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டித் தமிழ் எழுத்தில் பெயர்த்து வையுங்கள். அந்தப் பெரியவருக்குத் தம் கதையைப் பேச ஒரு மெக்ஸிகோப் படம் தேவைப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்களையும் அவ்வளவு காலம் காக்க வைக்க வேண்டாம்.

மற்றொன்று: உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலப் பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜகாத்தைப் பெறுவதற்கு உரியோராக மார்க்கம் எண்ணும் கூட்டத்தாருள் வழிப்போக்கரும் உண்டு. அவர்களுக்குப் பொருளுரிமையே தந்த மார்க்கம், பெயரால் அழைக்கப்படும் உரிமையை மறுக்குமா?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், எங்கள் பள்ளியின் பின்வரிசையில் தொழுதுவிட்டு விரைந்து வெளியேறும் ஓர் இளைஞனை நிறுத்தி ஸலாம் சொன்னேன். அவன் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவனுக்கு அரைகுறை. நெஞ்சில் கை வைத்து என் பெயரைச் சொன்னேன். அவனும் நெஞ்சில் கை வைத்துத் தன் பெயரைச் சொன்னான். ஊர் எங்கே என்று சைகையால் கேட்டேன். வடக்கே கை காட்டினான். "அம்மா?" என்றேன். அந்தச் சொல் அவனுக்குப் புரிந்தது. கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். முக்காடிட்ட ஒரு தாய் வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.